தண்ணீர் வருகிற வரிசையில் பேசியவர்கள்

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குச் செய்த தடபுடலில் ஒரே ஒரு குறை. பேசியவர்கள் அத்தனை பேரும் என்னைப் பொறுமைசாலி என்றே சொன்னீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பொறுமைசாலி இல்லவே இல்லை! பொறுமையாக உட்கார்ந்திருந்தால் என் வாழ்க்கையின் சிறந்த காரியம் ஒன்று நடந்தே இருக்காது. அதை உங்களுக்குச் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் போகிறேன். தடுக்காதீர்கள்.

ஒரு திட்டம் வருகிற இடத்தில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உயிர்களுக்கும் என்ன ஆகும் என்று அளந்து அறிக்கை எழுதுவது நம் வேலையில் பாதி. அதை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்வது மறுபாதி. அளக்கிற பாதிக்கு நல்ல நல்ல கருவிகள் வந்துவிட்டன. கேட்கிற பாதிக்கு இன்னும் மனுஷிதான் வேண்டியிருக்கிறது. நம் அலுவலகத்தில் அந்த மனுஷி நான்.

பேரையூருக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் கேட்காதீர்கள், சொல்லக் கூடாது. அங்கே ஒரு கரட்டின் மேல் விமானப்படைக்கு ரேடார் வைக்க இடம் பார்த்திருந்தார்கள். கரடு என்றால் மலை என்று மிரள வேண்டாம். பாறையும் முள்ளுமாக, ஒரு மூச்சில் ஏறி இறங்கிவிடலாம். சுற்றுச்சூழல் ஆய்வு நம்மிடம் வந்தது.

இந்த மாதிரி ராணுவப் பணிகளுக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. இருந்தும் அந்தப் பணிக்குப் பொறுப்பாக வந்த விங் கமாண்டர், ஊர்க்காரர்களை ஒரு முறை பார்த்துப் பேசிவிட வேண்டும் என்றார். வடக்கே எங்கேயோ பிறந்தவர், தமிழ் தெரியாது, ஆனால் மரியாதை தெரிந்த மனிதர். ஒரே நாள், ஒரே கூட்டம், மதியத்துக்குள் முடிக்க வேண்டும். கூட்டம் கலைந்தால் இன்னொன்று கிடையாது. ஊர் தன் வாயால் சொன்னதை வைத்தே திட்ட வரைபடத்தில் கை வைக்க முடியும், நாமாகத் திருத்த முடியாது என்று நம் மேலாளரும் சொல்லிவிட்டார்.

கை வைத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று அந்த வரைபடத்தில் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் சேதி சொல்ல நான் அந்த ஊருக்குப் போனேன். ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டிலும் காலங்காலமாக விவசாயம் பார்க்கும் குடும்பங்கள். தள்ளி, கரட்டடியில் காலனி. காலனிக்காரர்கள் ஒரு காலத்தில் சொந்தமாகக் கைப்பிடி மண் இல்லாமல் இரண்டு தெருவின் வயல்களிலும் கூலிக்கு உழைத்தவர்கள். பிறகு அரசாங்கம் அவர்களுக்குக் கரட்டடியில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் பட்டா போட்டுக் கொடுத்தது. யாரும் வேண்டாம் என்று விட்ட கல்லாங்காடு. பேச்சியம்மாள் என்கிற நாற்பது வயதுக்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"அக்கா, இந்தா பாருங்க. கரட்டுல பெய்யிற மழை இந்த ஓடையில எறங்கும். ஓடை எங்க சின்னக் கம்மாய்க்கு வரும். அது நெறஞ்சாத்தான் எங்களுக்கு ஒரு போகம் நெல்லு. நீங்க போடப்போற ரோட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்ச கல்லு எங்க நிக்கிது பாருங்க. ஓடைக்குக் குறுக்கவே நிக்கிது!"

நின்றது. தார் ரோட்டிலிருந்து கரட்டுக்குப் போகும் பாதையை மிகக் குறுகிய தூரத்தில் போட்டிருந்தார்கள். கோடையில் அளந்தவர்கள் கண்ணுக்கு அந்த ஓடை வெறும் பள்ளம். ரோட்டுக்காக மண்ணை மேடு கட்டினால், தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பழைய கல்குவாரிக் குழியில் போய் விழும். பேச்சியம்மாளின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். புருஷன் இல்லை. அந்த நிலம் காய்ந்தால் அவளும் திருப்பூருக்குப் போய்விட வேண்டியதுதான்.

"கூட்டத்தில வந்து இதை அப்படியே சொல்லு. அது போதும்" என்றேன்.

"நா எங்கக்கா பேசுறது? ரெண்டு தெருவும் பேசி முடிக்கவே பொழுது சாஞ்சுருமே" என்றாள்.

அவள் சொன்னதன் முழு அர்த்தம் கூட்டத்தன்றுதான் எனக்கு உறைத்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கோரிப்பாளையத்திலிருந்து மைக் செட் கரீம் பாய். எத்தனையோ வருடமாக நம் கூட்டங்களுக்கு அவர்தான் வருவார். எந்தக் கூட்டத்தில் எப்போது சத்தம் எழும் என்று அவருக்கு மூக்கிலேயே தெரியும். அன்று வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் வந்து, "யா அல்லா, வேட்டி எல்லாம் ரொம்ப வெள்ளையா இருக்கே மேடம்" என்றார். உண்மைதான், கௌரவம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு தெருவும் கல்யாணத்துக்கு வந்தது போல வந்து, இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. காலனிக்காரர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

நம் மேலாளர் நல்ல பிள்ளை. சென்னையில் வளர்ந்தவர். மைக்கைப் பிடித்து, வணக்கம் சொல்லி, மிகுந்த பணிவோடு ஒரு வாக்கியம் பேசினார். "ஊர்ப் பெரியவர் முதலில் வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மேலத்தெருவில் விருமாண்டி எழுந்தார். கீழத்தெருவில் ஒச்சப்பன் எழுந்தார்.

இருவரும் பங்காளிகள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் ஊர்த் திருவிழாவே பல வருடமாக நின்றுபோயிருந்தது. சாமிக்கு எடுக்காத திருவிழாவை நம் மேலாளர் ரேடாருக்கு எடுத்துவிட்டார்!

"பெரியவருன்னா நாந்தான. ஒக்காருப்பா" என்றார் விருமாண்டி.

"எவன் சொன்னது? மூத்த வகையறா நாங்க. நீ ஒக்காரு மொதல்ல."

"அண்ணே, ஒரு நிமிஷம்…" என்று மேலாளர் குறுக்கே போனார். யாரோ அவர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ரேடார் என்ற பேச்சே அந்தப் பந்தலில் இல்லை. விங் கமாண்டர் என்னைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யார் முதலில் பேசுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் ஜீப்பில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது. பந்தலுக்கு வெளியே பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்த முகத்தோடு பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கேதான் கவனியுங்கள். இந்த மாதிரி நேரத்தில் நம் கை தானாகச் சமாதானத்துக்குப் போகும். இருவரையும் சேர்த்து மேடைக்குக் கூப்பிடலாம், சீட்டுக் குலுக்கலாம், பெரிய வயதுக்காரர் யார் என்று கேட்கலாம். அந்த ஊரில் எதைச் செய்தாலும் ரத்தம்தான். ஒருவர் போட்ட வரிசையை இன்னொருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் போட்டால் இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் யாரும் போடாத வரிசை ஒன்று வேண்டும். மனிதன் கை வைக்காத வரிசை.

அந்த மண்ணில் அப்படி ஒன்று இருந்தது. முந்தின வாரம் அதன் ஓரமாகத்தான் நடந்திருந்தேன்.

கரீம் பாயிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "சத்தத்தைக் கூட்டுங்க பாய்" என்றேன். கூட்டினார். காது கிழிந்தது.

"அண்ணே! ரெண்டு பேருமே பெரியவங்கதான். இந்தப் பந்தலுக்குள்ள யாரும் பேச வேண்டாம். எல்லாரும் கரட்டுக்கு நடப்போம். கரட்டுல விழுற தண்ணி எந்த வரிசையில எறங்கி வருதோ, அந்த வரிசையில பேசுவோம். தண்ணி எங்க மொதல்ல வருதோ அந்த எடத்துக்காரங்க மொதல்ல. இதுல யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?"

கூட்டம் அடங்கியது. அந்தப் பக்கத்து விவசாயி எதை வேண்டுமானாலும் மறுப்பான், தண்ணீர் பாயும் முறையை மட்டும் மறுக்க மாட்டான். இரண்டு தெருவுக்கும் பாயும் பெரிய கண்மாயில், தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை மேலத்தெரு வயல்களில் இருக்கிறது, கடைமடை கீழத்தெருவில். விருமாண்டி அதை மனதில் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தாயி சொல்றது நாயம்ப்பா. தண்ணி வர்ற வரிசை. எனக்குச் சம்மதம்" என்றார். மீசையை ஒரு நீவு நீவிக்கொண்டார்.

ஒச்சப்பனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் நியாயம் என்று ஊரே தலையாட்டிய பிறகு அவர் என்ன செய்வார்? "நடங்க" என்றார்.

மேலாளர் என் காதருகே வந்து, "மேடம், இது நடைமுறையிலேயே இல்லையே" என்றார். "கூடாதுன்னு எங்க சார் இருக்கு? போனை எடுத்துப் படம் பிடிச்சுக்கிட்டே வாங்க" என்றேன். பாவம், பிடித்துக்கொண்டே வந்தார். கரீம் பாய் தோளில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு, "பேட்டரி கடைசி வரைக்கும் தாங்கணும், இன்ஷா அல்லா" என்றபடி என் பின்னால் நடந்தார். விங் கமாண்டரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கரட்டடி. கரடு சர்க்காருடையது, ஆகையால் முதல் பேச்சு அதிகாரிக்கு. யாரும் மறுக்கவில்லை. அவர் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ரேடார் வானத்தைப் பார்க்கிற கருவி, ஊரைப் பார்க்கிற கருவி இல்லை. வேலிக்கு வெளியே மேய்ச்சலுக்குத் தடை இல்லை.

"ஆடு சினை பிடிக்குமாய்யா? கதிரு அடிச்சா கலைஞ்சிருமுன்னு செல்லுல வருதே" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. வேலிக்கு வெளியே ஆட்டுக்கும் ஆளுக்கும் ஆபத்து இல்லாத அளவில்தான் வைப்போம், அதை உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்கிறேன் என்றார். எவ்வளவு தூரம் பார்க்கும், எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அதற்கு மன்னியுங்கள் என்றும் சொன்னார். சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று ஒருவர் நேராகச் சொன்னால் ஜனங்கள் எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அன்று பார்த்தேன்.

அடுத்து, ஓடை வழியே இறங்கினோம். சுண்ணாம்பு அடித்த கற்களைத் தாண்டினோம். தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில் நான் நின்றேன். காலனியின் சின்னக் கண்மாய்க் கரை.

"பேச்சியம்மா, வா" என்றேன்.

அப்போதுதான் விருமாண்டிக்குப் புரிந்தது. தண்ணீர் என்றதும் அவர் மனம் நேராகப் பெரிய கண்மாய்க்குப் போயிருந்தது. அதற்கு மேலே ஒரு சின்னக் கண்மாய் இருக்கிறது என்பதே அவர் கணக்கில் இல்லை.

"என்ன தாயி இது? காலனிக்காரங்க மொதல்லயா?"

"வரிசை நான் போட்டதில்லண்ணே. நீங்கதான் நாயம்னீங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அவர் திரும்பி நடந்தால் பாதிக் கூட்டம் அவரோடு போய்விடும். அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? ஒச்சப்பன்! தனக்கு முதலிடம் இல்லாவிட்டால் போகிறது, விருமாண்டிக்கும் இல்லை என்பதே அவருக்குக் கொண்டாட்டம்.

"ஊரு கூடி ஒத்துக்கிட்டு வந்தமா இல்லியா? தண்ணி இங்கனதான மொதல்ல வருது. ஏ பேச்சி, நீ பேசுத்தா!" என்று உரக்கச் சொன்னார்.

பேச்சியம்மாள் ஒலிபெருக்கியை வாங்கினாள். குரல் கணீரென்று வந்தது.

"ஐயா, ஒங்க மெசினு என்ன பண்ணும், எம்புட்டுத் தூரம் பாக்கும், அதெல்லாம் எனக்குச் சொல்ல வேணாம். அது ஒங்க வேலை. எந்தண்ணி எந்தப் பக்கம் போகும், அத மட்டும் சொல்லுங்க. நாங்க அடுத்தவுக வயல்லயே நட்டு, அடுத்தவுக வயல்லயே அறுத்து வந்த சனம். எங்க மாமனாரு காலத்துலதான் இந்த மண்ணு கெடச்சுச்சு. கல்லப் பொறுக்கியே அவருக்கு முதுகு கூனிப்போச்சு. இந்தக் கல்லு நிக்கிற எடத்துல ரோடு வந்தா, தண்ணி குவாரிக்குப் போயிரும். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் இது வெறுங் கல்லுதான்."

நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கரையில் நின்று ஓடையையும் கற்களையும் குவாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவளை ஓடைக்குள் நடந்து காட்டச் சொன்னார். அவளோடு தானும் நடந்தார். திரும்பி வந்து, மேற்கே சுற்றிப் போனால் பாதை யார் நிலத்தில் விழும் என்று கேட்டார்.

மேற்கே விருமாண்டியின் புஞ்சை. அதைத் தாண்டி ஒச்சப்பனின் புஞ்சை. ஊரே அந்த இருவரையும் பார்த்தது.

"அண்ணே, இந்தச் சின்னக் கம்மாய் நெறஞ்சா மறுகால் தண்ணி எங்க போகுது?" என்று விருமாண்டியிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் கரையின் கோடியில் இருக்கும் மறுகாலைப் பார்த்தார். அது போகும் திசையைப் பார்த்தார். அது நேராக அவருடைய பெரிய கண்மாய்க்குத்தான் போகிறது. மேலே இருப்பது காய்ந்தால் தலைமடையும் காயும், கடைமடையும் காயும்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எம் புஞ்சை ஓரமா ரோட்டப் போட்டுக்கச் சொல்லுங்க தாயி. சர்க்காரு குடுக்குறதக் குடுக்கட்டும். ஆனா ஒண்ணு. மொதல்ல குடுத்தது விருமாண்டின்னு சொல்லிருங்க."

"மேக்க மொதல்ல ஆரம்பிக்கிறது எம் புஞ்சைதான!" என்று ஒச்சப்பன் பாய்ந்து முன்னால் வந்தார். "தார் ரோட்டுலருந்து வர்ற வண்டி எங்காட்டுல ஏறாம ஒங்காட்டுக்கு எப்பிடி வரும்? மொதல்ல குடுத்தது நான்!"

காலையில் நாற்காலிகளைச் சரித்த அதே வேகம். ஆனால் இப்போது, யார் முதலில் நிலம் கொடுப்பது என்று அடித்துக்கொண்டார்கள்! அதிகாரி மறுபடியும் என்னைப் பார்த்து, என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் நீட்டினார். அவர்களும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கரீம் பாய், "சுபானல்லா" என்றார். பேட்டரியும் அதுவரை தாங்கியது.

பாதை மேற்கே மாறியது. மாற்றிய வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த அன்று மேலாளர் அலுவலகம் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார். ரேடாரும் வந்தது. நாட்டுக்கு அது வேண்டியதுதான். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எதுவும் சாகாமல் வர வேண்டும் என்பதுதான் நம் வேலை. அப்படியே வந்தது. அதில் என் பங்கு இருக்கிறது. தலை நிமிர்ந்து சொல்வேன்.

நீங்கள் கூட்டம் நடத்தப் போகும்போது யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அது நீங்கள் போவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ போட்டு வைத்தது. அதற்குள் நின்றுகொண்டு நீங்கள் எவ்வளவு நியாயமாகக் கேட்டாலும், கடைசியில் நிற்பவள் வாயைத் திறக்க மாட்டாள். சண்டை போட்டு அதை உடைக்க உங்களுக்கு நேரமும் இருக்காது. அந்த ஊரே தலைவணங்குகிற இன்னொரு வரிசை ஏதாவது பக்கத்தில் இருக்கும். தேடுங்கள். ஜீப் கிளம்புவதற்குள் தேடுங்கள்.

சென்ற மழைக்காலத்தில், விளாங்குடியில் என் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாளிடமிருந்து போன். அந்தப் பக்கம் நல்ல மழை என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்னக் கண்மாய் நிறைந்துவிட்டதா என்று நான் கேட்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே ஒரே புலம்பல்.

"என்னத்தச் சொல்றது போங்க! கம்மாய் நெறஞ்சு நிக்கிது, நாத்துப் பறிச்சு வச்சு ரெண்டு நாளாச்சு. நடவுக்கு ஒரு ஆளு கெடைக்க மாட்டேங்குதுக்கா! மேலத்தெருவுல கேட்டேன், கீழத்தெருவுல கேட்டேன். இந்தா வாரேன், அந்தா வாரேங்கிறாக, ஒருத்தியும் வரல. இந்தக் காலத்துல ஆள வச்சு வெவசாயம் பாக்குறது அம்புட்டுப் பாடாப் போச்சு!"

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிறீகளேக்கா! எங்கவலை எனக்கு. ஒங்க பக்கம் யாராச்சும் ஆளு இருந்தா அனுப்பி வைங்க. கூலி நான் கொறைக்க மாட்டேன்."